கண்ணில் விழுந்த பனி

விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்ததுதான் முதல் அறிகுறி. சிமினியைத் துடைத்துப் பார்த்தேன். வானவில் போகவில்லை.

விளக்கேற்றியதும் நானும் என் மனைவி தங்கமும் வாசிப்பது வழக்கம். வாசகசாலையிலிருந்து எடுத்துவரும் கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம் அவள் உரக்க வாசிப்பாள், அடுத்த பக்கம் நான். நான் நான்காம் வகுப்போடு தையல் வேலைக்குப் போனவன். ஆட்களிடம் பேசக் கூச்சம். அந்தப் பக்கங்களில்தான் என் குரல் வெளியே வரும்.

அந்த வாரம் நான் வாசித்த வரிகளின் ஓரத்துச் சொற்கள் விடுபட்டுக்கொண்டே வந்தன. எனக்கே அது தெரியவில்லை.

“அவ கிணத்துக்குத் தண்ணி கோரப் போனாளா, விழப் போனாளா?” என்று தங்கம் கேட்டாள். “கதையை நீங்களே புதுசா எழுதுதியளா?”

சிரித்தவள், நான் கண்ணைக் கசக்குவதைப் பார்த்து நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் கண்முன் பனி இறங்கியதுபோல ஒரு மூடல், நெற்றியில் வலி. பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து நெய்யாற்றின்கரை டாக்டரிடம் போனேன். தமிழ் பேசும் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். யார் எந்த மொழியில் பேசுகிறார் என்று ஆட்கள் காது கொடுத்தார்கள். மலையாளத்தில்தான் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஒரே சொல்தான் வந்தது.

“பனி.”

எங்கள் பேச்சில் புல்லில் விழுவதும் பனி, உடம்பு காய்வதும் பனி. மலையாளத்தில் காய்ச்சல் மட்டுமே பனி. அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. விட்டு விட்டு வருவதாக நினைத்து, காய்ச்சல் மிக்சர் எழுதிக் கொடுத்தார். திருத்திச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

மிக்சர் தீர்ந்தது, மூடல் கூடியது. தையல் போனால் வேறு வேலை பார்க்கலாம். அவளோடு வாசிப்பது போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

“ஒத்தச் சொல்லு சொல்லப் போயி, இல்லாத காய்ச்சலுக்கு மருந்து வாங்கிட்டு வந்திருக்கிய!” என்று தங்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரிடம் அவளே சொன்னாள்:

“டாக்டறே, இவியளுக்குக் கண்ணுல மஞ்ஞாக்கும்.”

மஞ்ஞு என்றால் மலையாளத்தில் மூடுபனி. ஆனால் எங்கள் ‘ஆக்கும்’ அதோடு ஒட்டியதும் டாக்டர் காதில் விழுந்தது ‘மஞ்ஞ’, மஞ்சள்.

“மஞ்ஞப்பித்தமோ?” (மஞ்சள்காமாலையா?) என்று எழுந்து வந்து என் இமையை விரித்தார். மஞ்சள் இல்லை. ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. டார்ச் அடித்தார். மூடிய இமைமேல் விரல்களால் மெல்ல அழுத்தினார்.

“கண்ணு கல்லு போலே இரிக்குந்நு,” என்றார்.

கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை அழிக்கும் நோய்). அன்றைக்கே திருவனந்தபுரத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

போராட்டத்தால் பஸ் ஓடவில்லை. மரச்சீனிக் கிழங்கு ஏற்றிய லாரியில் கெஞ்சி ஏறினோம். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் தங்கத்தின் பையிலிருந்து எங்கள் கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“இதில் சமரம் உண்டோ?” (போராட்டம் உண்டா?)

“கல்யாணம் உண்டு சாறே. சமரம் அதுக்குப் பொறவுதான்.”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணுக்குள் ஏதோ செத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

அறுவை செய்தார்கள் (கண்மணியைச் சுற்றிய படலத்தில் சிறு துளையிட்டு நீருக்கு வழி செய்வது). இரு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்தார்கள். மீதிக் கதையைத் தங்கம் வாசித்துக்காட்டவில்லை.

“கட்டு அவிழட்டு. எனக்கு மட்டும் என்ன அவசரம்?” என்றாள். கட்டு அவிழ்ந்து ஒன்றும் தெரியாவிட்டால் என்ன செய்வாள் என்று கேட்க நான் துணியவில்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும் மிஞ்சியது. போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பது நிலைக்கும் என்றார்கள்.

உங்களுக்கும் விளக்கைச் சுற்றி வானவில் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். கூச்சமுள்ளவராக இருந்தால் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். சொல் வராவிட்டால் கண்ணைத் தொட்டாவது காட்டுங்கள்.

இப்போது வாசிக்கையில் எனக்கு ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் கண்ணுக்குத் தெரியும். முன்பு கண் வரியின் கடைசிக்கு முந்திப் போய், வரப்போவது நல்லதா கெட்டதா என்று பார்த்துவிடும். இனி அது முடியாது. என் நாளும் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. காலையில் கண் விழிக்கும் முன்பே பயம் விழித்துவிடுகிறது. மருந்து விட்டு, எரிச்சல் அடங்கி, சுவரிலுள்ள ஆணி தெரிந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

தங்கத்துக்கு முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். ஆனாலும் நான் வாசிக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்கிறாள். நேற்று, கதையில் ஒருவன் ஆற்றில் குதித்த இடத்தில், அடுத்த சொல்லைத் தேடி நின்றேன்.

“கரையேறினானா, இல்லியா?”

“நில்லு தங்கம். இன்னும் தண்ணியிலதான் கெடக்கான்.”