பல் டாக்டரின் இடது கால்

சாவியை நீட்டினால் வாங்கமாட்டார். கையிலிருக்கும் எண்ணெய்த் துணியால் அதைச் சுட்டிக்காட்டி, "அது உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன்" என்பார். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் விழிப்பார்கள். ஓட்டிக் காட்டச் சொல்லும் மெக்கானிக்கை அவர்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏறி உட்கார்ந்ததும் ரேடியோவை அணைப்பார். கண்ணாடிகளை ஏற்றச் சொல்வார். தெருமுனை திரும்பியதும், "இப்ப கியரை மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்குங்க. நீங்க தினமும் எப்படி இறக்குவீங்களோ அப்படியே. எனக்காக ஒழுங்கா ஓட்ட வேணாம்" என்பார். பிறகு வண்டிக்குக் காதைக் கொடுப்பார்.

கியர்பெட்டி வேலை மட்டும்தான் எடுப்பார். நாள் முழுக்கப் பற்சக்கரங்களின் பல்லோடு புழங்குவதால் அவருக்குப் பல் டாக்டர் என்றே பெயர். ஒருமுறை கன்னம் வீங்கிய ஒருவர் விசாரித்துக்கொண்டு நிஜமாகவே வந்து நின்றுவிட்டார். கழற்றி வைத்த பெட்டியிடம் அவர், "என்னங்கய்யா, எங்க வலிக்குது?" என்று மரியாதையாகக் கேட்பார். மனிதர்களிடம்தான் அந்த மரியாதை வராது. போன வருடம் வரை வந்ததில்லை.

பட்டறை வைப்பதற்கு முன் பதினெட்டு வருடம் பழைய லாரி ஓட்டியவர். அந்த லாரிகளில் கியரை இறக்குவதென்றால் கிளட்சை இரண்டு தரம் மிதிக்கவேண்டும். நடுவில் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு. அப்போதுதான் உள்ளே இரண்டு பற்சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்து பல்லோடு பல் சேரும். இன்றைய கார்களில் அந்த வேலையை ஒரு பித்தளை வளையம் பார்த்துக்கொள்கிறது. ஓட்டுகிறவர் ஒரு தரம் மிதித்தால் போதும். ஆனால் அவருடைய கால்களுக்கு இது தெரியாது. எந்தக் காரில் ஏறினாலும் அவை லாரிதான் ஓட்டின. அதை அவரும் கவனித்ததில்லை.

போன வருடம் ஒரு நர்சம்மா வந்தார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றிவிடும் வேலை. சின்னக் கார். "ரெண்டுக்கு இறக்குறப்ப மட்டும் நறநறன்னு அரைக்குதுண்ணே. கேக்கவே கூசுது" என்றார். பல் டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். சத்தமே இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார். மறு வாரமும் அந்தம்மா வந்தார்; மறுபடியும் சத்தமில்லை. மூன்றாம் முறை வந்தபோது பட்டறையில் ஏழு பேர் இருந்தார்கள்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. கோளாறு உங்க கால்ல. கிளட்ச்ச முழுசா மிதிக்கணும், தொட்டுக் கும்பிடக் கூடாது."

ஏழு பேரும் சிரித்தார்கள். பதிவேட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நர்சம்மா, "முழுசாத்தாண்ணே மிதிக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். பதிலுக்கு அவர், "அப்ப அரைக்காதே" என்றார். அதற்கும் சிரிப்பு எழுந்தது. நர்சம்மா சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு வெளியே போனார்.

ஆறு மாதம் கழித்து அதே காரை நர்சம்மாவின் கணவர் கொண்டுவந்தார். கொஞ்ச நாள் முன்பு எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து, பல் டாக்டருக்கு இடது முழங்கால் வீங்கியிருந்த நேரம் அது.

"இப்ப நான்தான் ஓட்டுறேன். எனக்கும் அந்தச் சத்தம் வருது. அவ ஓட்டி ஓட்டிப் பல்லத் தேச்சு வச்சிட்டா. நீங்கதான் அப்பவே சொன்னீங்களே."

"அம்மா ஓட்டுறதில்லையா?"

"நான் விடுறதில்லீங்க. பஸ்ல போறா."

பல் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போனார். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கவேண்டிய வளைவு வந்தது. முழங்கால் வலிக்குப் பயந்து கிளட்சை ஒரே ஒரு தரம் மிதித்தார். அடிவரை மிதித்தார். நறநறவென்று அரைத்தது. தன் பல்லே அரைபட்டது போல முகத்தைச் சுளித்தார். ஓரமாக நிறுத்தினார். மறுபடி கிளம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு பழையபடி இரண்டு தரம் மிதித்தார். வெண்ணெயாக இறங்கியது. ஒரு தரம்: அரைத்தது. இரண்டு தரம்: சத்தமில்லை. அந்தச் சாலையில் ஐந்தாறு தடவை போய்ப் போய் வந்தார். அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

பெட்டியைக் கழற்றினார். வழக்கமாகக் கேட்கும் "என்னங்கய்யா" வரவில்லை. இரண்டாம் கியரின் பித்தளை வளையத்தில் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வார்ப்பிலேயே இருந்த குறை. எந்தக் காலும் அதை உண்டாக்கியிருக்க முடியாது. பல் ஒன்றுகூடத் தேயவில்லை. சத்தம் வரும்போதெல்லாம் அந்தம்மா கியர்த் தண்டிலிருந்து கையை எடுத்திருக்கிறார். புது வளையம் போட்டு, பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கணவர் வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "அடடா, சத்தமே போச்சே! அவ கை படாம இருந்தாலே வண்டி நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். பல் டாக்டர் வாயைத் திறந்தார். "பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதை அவரே இன்றுவரை சொல்லிக் கூசுகிறார். "மொத தடவை தெரியாம சொன்னேன். ரெண்டாவது தடவை தெரிஞ்சே வாய மூடிக்கிட்டேன். அதுதான் பெரிய தப்பு."

துவைக்கப் போட்ட சட்டையில் மனைவி வளையத்தைக் கண்டெடுத்தார். "இது யாரு பல்லு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்தில் மனைவிக்குப் பாதி புரிந்தது. மீதியை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார்.

"அன்னைக்கு ஏழு பேரு கேக்கச் சொன்னீங்க. இன்னைக்கு ஒருத்தர்கிட்டச் சொல்ல வாய் வரலையா?"

"எப்படிடி போய் நிப்பேன்?"

"அவங்க எப்படி நின்னாங்களோ அப்படி."

ஞாயிற்றுக்கிழமை காலை நர்சம்மா வீட்டுக்குப் போனார். வாசலில் கார் நின்றது. கணவர் கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்று நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. நர்சம்மா உள்ளிருந்து வந்ததும் வளையத்தை மேசைமேல் வைத்தார்.

"இதுல விரிசல்மா. ஆரம்பத்துலேர்ந்தே இருந்திருக்கு. உங்க கால்ல ஒரு தப்பும் இல்ல. நான் ஓட்டினா சத்தம் வராது, ஏன்னா நான் ஓட்டுறது லாரி ஓட்டு. அது தெரியாம உங்களை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசிட்டேன்."

கணவர் கையை வீசினார். "இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரணுமா? சின்ன விஷயம், விடுங்க."

நர்சம்மா வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரிசலை நகத்தால் தொட்டார்.

"முழுசாத்தான் மிதிக்கிறேன்னு சொன்னேன். ஞாபகம் இருக்காண்ணே?"

"இருக்கும்மா."

"அடுப்புக்கிட்ட நிக்கிறப்பல்லாம் இடது காலைத் தரையில அழுத்தி அழுத்திப் பாப்பேன். எனக்குத்தான் எதுவும் சரியா அழுத்தத் தெரியலன்னு. கட்டுப் போடுறப்பக்கூட, இறுக்கமாப் போட்டேனான்னு ரெண்டு தடவை பாக்க ஆரம்பிச்சிட்டேன். தூரத்து வீடு ரெண்டையும் விட்டுட்டேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, யாரும் போகவில்லை.

மறுநாளிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அன்று சிரித்த ஏழு பேரில் ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சொல்லியாகிவிட்டது. ஒருவர் ஊரைவிட்டே போய்விட்டார். இன்னொருவருக்கு அந்த நாளே ஞாபகமில்லை. அவரிடம் முதலில் சிரிப்பையும் பிறகு தப்பையும் விளக்கவேண்டியிருந்தது. நர்சம்மா தூரத்து வீடுகளில் ஒன்றைத் திரும்பப் பிடித்தார். இன்னொன்றில் வேறு ஆள் வந்துவிட்டார். காரை இப்போது வேறு பட்டறையில்தான் விடுகிறார். "அதுதான் நியாயம்" என்பார் பல் டாக்டர்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் கிளம்பும்போது, நர்சம்மா கணவரிடம் கையை நீட்டினார். கணவர் ஒரு கணம் தயங்கிச் சாவியைக் கொடுத்தார். மூவரும் வாசலுக்கு வந்தார்கள். பல் டாக்டர் முந்திக்கொண்டு போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். குனிந்து, கணவரின் நீண்ட கால்களுக்காகக் கடைசிவரை தள்ளியிருந்த இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்தார். நிமிராமலே, நர்சம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் வரணுமாம்மா?"