சும்மா நடக்க வெட்கப்பட்டவள்

ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, காலையில் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோது ஃபுவாதினோ தலையாட்டினாள். நடப்பதில் கஷ்டமில்லை. ஆனால் சவாயி தீவில் அவள் ஊர் வீடுகளுக்குச் சுவர் கிடையாது. தூண்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் சாலையில் போகிற எவரையும் "எங்க போற?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்காவிட்டால்தான் கோபம் என்று அர்த்தம். தன் பருத்த உடம்போடு, "உடம்பு இளைக்க நடக்கிறேன்" என்று எப்படிச் சொல்வாள்?

முதல் நாளே வாய் முந்திக்கொண்டது. "கடைக்கு."

கடைக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பினால் அதற்கும் ஒரு கேள்வி வரும். தேங்காய்ப்பாலில் ஊறிய பன் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் கணவன் திட்டுவான். தின்றுகொண்டே தெருவில் நடப்பது மரியாதையில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த தேவாலயத்தின் பின்பக்கம் உட்கார்ந்து அவசரமாக விழுங்கினாள். அதுவே தினசரிப் பழக்கமாகிவிட்டது.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. நர்ஸ் யோவானா அவள் கணவனின் அக்கா மகள்.

"தினமும் நடக்கிறீங்கதானே அத்தை?"

"நடக்கிறேம்மா."

"அப்போ மாத்திரை பத்தலை. கால் வேற மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கு. இப்படியே போனா காலையே எடுக்க வேண்டி வரும்."

பாவம், அவள் மாத்திரையைக் குறை சொன்னாள். உண்மை தொண்டைவரை வந்தது. ஃபுவாதினோ தரையைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் சாலையில் போகும்போது, பெண்கள் சங்கத்தில் அவளோடு பாய் முடையும் மதாயினா தன் வீட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எங்கடி, பன்னுக்கா? சாமிக்குப் பின்னாடி ஒளிஞ்சு தனியா திங்காம எங்களுக்கும் ஒண்ணு கொண்டாயேன்!"

வீடே சிரித்தது. அப்படியானால் எல்லோருக்கும் தெரியும். ஃபுவாதினோவுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"கடைக்கு இல்ல. சும்மா நடக்கறேன்."

"சும்மாவா? வீட்ல துவைக்கத் துணி இல்லையா?"

"எனக்குச் சர்க்கரை. நடக்காட்டி காலை எடுத்துடுவாங்க."

சிரிப்பு நின்றது. சிரிப்பே தேவலை என்று தோன்றியது. மதாயினாவின் பார்வை மெல்ல இறங்கி அவள் பாதங்களில் நின்றது. ஃபுவாதினோ அவற்றை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் நடையைக் கட்டினாள்.

அடுத்த வீட்டுத் தூணில் சாய்ந்திருந்த கிழவர் கையை உயர்த்தினார்.

"எங்கம்மா போற?"

முகம் எரிய, முதலிலிருந்து அவரிடமும் சொல்லத் தொடங்கினாள்.