கழற்றாத தலைக்கவசம்

ஆலையடிவேம்பில் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது. ஒரு பியர் வாங்கலாமென்று சாராயக்கடை வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்பவர் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடியையும் இறக்கிவிட்டிருக்கிறார். இந்த வெக்கையில் அவருடைய சட்டைக் கொலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருக்கிறது.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க," என்கிறான் கம்பிவலைக்குள் இருக்கும் புதுக் காசாளன்.

அவர் காசை வலைக்குள் நீட்டுகிறார்.

"கழட்டாட்டி பொலிசுக்குக் கதைப்பன்." கை கைபேசிக்குப் போகிறது.

அவர் என் பக்கம் திரும்பி, காசை என் கையில் திணிக்கிறார். "தம்பி, எனக்கும் எடுத்துத் தாங்க. கழட்ட ஏலாது. எங்கட ஊராக்கள் இந்த ரோட்டாலதான் போவாங்க."

என்ன எடுப்பதென்று கேட்பதற்குள் வெளியே போய்விட்டார். நான் விழித்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே போத்தல் அடுக்கிக்கொண்டிருந்த பழைய ஊழியர் வந்து, காசாளனின் கையை மெல்லத் தடுக்கிறார். பிறகு ஒரு கால் போத்தல் சாராயத்தைப் பேப்பரில் சுற்றி என்னிடம் நீட்டுகிறார்.

"கல்முனையில இருந்து இவ்வளவு தூரம் வாறவர். எப்பவும் ஹெல்மெட்டோடதான். முந்தி முழுப் போத்தல் எடுப்பார். விலை ஏற ஏற அரையாகி, இப்ப கால். அவர் ஆரெண்டு எங்களுக்குத் தெரியுமெண்டு அவரிட்டச் சொல்லிப்போடாதீங்க."

வெளியே தலைக்கவசக்காரர் மதிலோரம் மோட்டார்சைக்கிளை முடுக்கியபடியே நிற்கிறார். பொதியை வாங்கிச் சட்டைக்குள் செருகுகிறார்.

"நான் ஆரெண்டு கேட்டாங்களா?"

"இல்லை," என்கிறேன்.