அத்திம்பேர் போட்ட முடிச்சு

மட்டாஞ்சேரியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் அத்திம்பேருக்கு, நான் பாறை ஏறப் போகும் கதைகளைக் கேட்டு ஆசை வந்துவிட்டது. காக்கநாட்டில் நான் பயிற்சி செய்யும் செயற்கைச் சுவருக்கு அழைத்துப் போனேன். இடுப்புப் பட்டையில் கயிற்றைத் தானே முடிச்சிடவும் சீக்கிரம் பழகிக்கொண்டார்.

ஒருநாள் அவர் முடிச்சுப் போடும்போது கடையிலிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் நேராகச் சுவரில் கை வைத்தார். ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்ப்பது எங்கள் வழக்கம். நான் குனிந்தேன்.

"எல்லார் முன்னாடியும் என்னடா இது? நான் என்ன சின்னக் கொழந்தையா?" என்றார்.

அக்காவின் கணவர். மேலும் வற்புறுத்தக் கூசி, கயிற்றின் மறுமுனையை என் இடுப்புக் கொக்கியில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாள் உயரத்தில் களைப்பாற, கயிறு தாங்கும் என்று பின்னால் சாய்ந்தார். பாதியில் விட்ட முடிச்சு உருவிக்கொண்டது. கீழே மெத்தை இருந்ததால் உயிர் பிழைத்தார், கணுக்கால் முறிந்தது. "நீ பார்க்கத்தானே வந்தே, நான்தான் விடலை" என்று அவர் சொல்வது எனக்கு ஆறுதலாக இல்லை. கிடங்குப் படிகளை இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

இப்போதெல்லாம் யாரோடு ஏறினாலும், "முதல்ல என் கொக்கி பூட்டியிருக்கா, பாருங்கோ" என்று நானே போய் நிற்கிறேன். பார்த்தவர்கள் தாமாகவே தங்கள் முடிச்சையும் காட்டுகிறார்கள்.

அத்திம்பேரிடமும் அப்படிக் கேட்டிருக்கலாம்.