தொடாமல் உடைந்தவை

எண்பதுகளின் நடுவில் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிந்திருந்தேன். சென்னையிலிருந்த என் நெறியாளர் சில கண்ணாடித் தகடுகளை என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தார். அவற்றில் தடிமனாகப் பூசிய புகைப்படப் பசைக்குள், வெளிநாட்டு இயந்திரம் ஒன்றில் கனமான அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் செலுத்தியிருந்தார்கள். தகட்டைக் கழுவியதும் அவை போன வழி கறுத்த கோடுகளாகத் தெரியும். நுண்ணோக்கியில் அந்தக் கோடுகளைப் பின்தொடர்வது என் வேலை.

அவை பசையிலுள்ள வெள்ளியின் அணுக்கருவோடு மோதினால், அந்த இடத்திலிருந்து நாலாபக்கமும் கோடுகள் சிதறும். நான் தேடியது வேறு. மோதாமல் சற்று விலகிக் கடந்தும் சில உடையும். அந்த வேகத்தில் வெள்ளியின் மின்புலமே ஒளியாகப் பாய்ந்து, கடந்துபோவதைப் பிளந்துவிடும். தகட்டில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்து நேரே போகும், சுற்றிலும் வெறுமை. ஒரு மெல்லிய தடம்கூட இல்லை என்று உறுதியானால்தான் குறிக்கலாம். முதல் ஒன்றைக் கண்ட அன்று ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன்.

ஒரு காலையில் தகட்டின் ஓரத்தில் நிழல். அழுக்கென்று துடைத்தேன். வேறு தகடு வைத்தேன், அதிலும் இருந்தது. கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் இருந்தது.

விழித்திரை பிய்ந்துகொண்டு வருகிறது, உடனே சேலம் போங்கள், தலையை அசைக்காதீர்கள் என்றார் கண் டாக்டர். பாப்பிரெட்டிப்பட்டியில் இரும்புக்கடை வைத்திருந்த என் தகப்பனார், அத்தா, சரக்கெடுக்க அன்று தர்மபுரி வந்திருந்தார். அவரோடு பஸ் ஏறினேன். தொப்பூர்க் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து, வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன.

"இப்ப எப்படிம்மா இருக்குது?"

"கீழ இருந்து மேல ஏறுதுங்க அத்தா."

"கண்ண மூடிக்கம்மா."

"மூடினா எவ்வளவு போச்சுன்னு தெரியாதுங்களே."

அத்தா இறங்கி ஓடினார். "பொண்ணுக்குக் கண்ணு போவுதுங்க. இந்த ஒரு வண்டிய மட்டும் வுடுங்க சார்" என்று போலீஸ்காரரிடம் கெஞ்சுவது ஜன்னல் வழியே கேட்டது.

"நான் என்னங்க பண்ணட்டும்? லாரி ரோட்ட அடைச்சிக் கெடக்குது" என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை.

வழி திறந்து சேலம் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. அறுவைசிகிச்சை நடந்தது. வலக்கண்ணில் மங்கல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. இடக்கண் சிறுவயதிலிருந்தே சரியில்லை. நுண்ணோக்கிப் பக்கமே போகக்கூடாது என்றார்கள்.

தகடுகளைத் திருப்பிக் கொடுக்க அத்தாவோடு சென்னைக்குப் போனேன். நெறியாளர் நல்லவர். நலம் விசாரித்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"பார்வை எப்ப இருந்தும்மா மங்க ஆரம்பிச்சுது?"

"தெரியலைங்க சார்."

"அப்போ நீ ஒண்ணுமே இல்லைன்னு குறிச்ச இடத்துல..."

அவர் முடிக்கவில்லை. மெல்லிய தடங்கள் இருந்து, அவை என் கண்ணுக்குப் படாமல் போயிருக்கலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க அவரிடம் ஆளில்லை, என்னாலும் முடியாது. நான் குறித்தது எதையும் சேர்க்கப்போவதில்லை என்றார். நானே அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்ததும் அத்தா கேட்டார்.

"நீ பாத்ததெல்லாம் நெசந்தானம்மா?"

"சிலது நெசமா இருக்கும்ங்க அத்தா."

"எதெதுன்னு?"

"அதுதான் தெரியல."

அவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.