வேர்விட்ட எழுத்து

முதல் சட்டையில் எழுத்தை அச்சடிப்பதற்கு முன், வலை கட்டிய அச்சு ஃப்ரேமை அவள் இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். உதடு ஏதோ முணுமுணுக்கிறது. அது அவளுக்கும் சாமிக்கும் உள்ள பேச்சு. பிறகு கறுப்புச் சட்டையின் மேல் ஃப்ரேமைப் படுக்க வைத்து, வெள்ளை மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. மை காய்ந்ததா என்று விரலால் தொட மாட்டாள். புறங்கையைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஈரம் அடிக்கிறதா என்று பார்ப்பாள்.

டயர் கடைக்குப் பின்னால் அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்கும் சட்டை காயும் கொடிதான். பள்ளிக்கூடச் சட்டை, ஓட்டப்பந்தயச் சட்டை எல்லாம் அடித்துத் தருவாள். ஆனால் 'பிரின்ட்டிங் அக்கா' என்று அவளுக்குப் பேர் வைத்தவர்கள் மெட்டல் என்னும் முரட்டு ராக் இசைக்காரர்கள். முடியை இடுப்புவரை விட்டுக்கொண்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் உள்ளே வருவார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள்.

யார் எந்த வகை மெட்டல் என்று, குழுப் பெயரை எழுதியிருக்கும் எழுத்தை வைத்தே அவள் பிரித்துவிடுவாள். "மெழுகு உருகிச் சொட்டுற மாதிரி இருந்தா டெத் மெட்டல். கத்தி கத்தியா நீட்டிக்கிட்டு இருந்தா த்ராஷ், அதுங்களுக்கு எப்பவும் அவசரம். காஞ்ச வேர் மாதிரி பின்னிக் கிடந்தா பிளாக் மெட்டல். டூம்காரங்க வேற மாதிரி. அவங்க பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள எனக்கு நாலு சட்டை காஞ்சிடும்!"

இந்தக் கணக்கு பிடிபடும் முன் ஒரு கூத்து நடந்தது. பகலில் மருந்துக் கடையில் நிற்கும் ஒருவன், யாரிடமும் குரலை உயர்த்தாதவன், தன் குழுவின் பெயரை வேர்வேராகப் பின்னி வரைந்து கொண்டுவந்தான். ஐயோ பாவம், மை கொட்டிப் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்து, பிளேடு முனையால் ஒவ்வொரு வேராகச் சுரண்டி எடுத்து, 'கரையான்' என்று பளிச்சென்று தெரியும்படி ஃப்ரேம் போட்டு வைத்தாள். அவன் வந்து பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"அக்கா... பால்வாடி போர்டு மாதிரி ஆயிடுச்சேக்கா!"

வேரோடு மறுபடி ஒரு ஃப்ரேம் செய்து கொடுத்தாள். பழையதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு சொட்டு மையைக்கூட வீணாக்காதவள் அவள். அது சுவரோரம் சாய்ந்து நின்றது.

அவன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு என்னதான் பாடுகிறான் என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். ஆற்றில் சாயத்தண்ணீரை விட்டவர்களைத் திட்டுகிறானாம். அன்றிலிருந்து கட்டை கழுவிய தண்ணீரை அவள் சாக்கடையில் கொட்டுவதில்லை. வாளியில் தெளியவைத்து, அடியில் நிற்கும் மண்டியைத் தனியாக வழித்து எடுத்து வைக்கிறாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் கட்டடத்தின் சொந்தக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் நின்றபடியே கொடியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, சாமி கும்பிடுறவதானே நீ? பேய்ச்சட்டை அடிக்கிறியே, அடுக்குமா?"

"பேய் இல்லீங்க சார். பாட்டுக் குழு."

"பாட்டா அது? வெறும் கத்தல்! இதென்ன எழுதியிருக்கு, மந்திரமா?"

"பேரு சார். கரையான்."

"கரையானா? என் கட்டடத்துலயா?" அவர் கதவு நிலையைத் தட்டிப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். கோபம் வந்தால் அவள் கை அங்கேதான் போகும். மாடியில் இவர் டி.வி. காலை முதல் அலறுகிறது. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்கள். அது உலக நடப்பாம். ஆறு செத்துப்போயிற்றே என்று ஒருவன் வயிறெரிந்து கத்தினால் அது பேயா? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற பிள்ளைகள் பேயா? இந்த நியாயத்தை எந்தக் கடையில் வாங்கினார்?

"சார், என் சாமிக்குக் காது நல்லாக் கேக்கும். யாரு எதுக்குக் கத்துறாங்கன்னு அதுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் கேக்கலை."

"வாய் நீளுதே! இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணிடு." சொல்லிவிட்டுத் திரும்பியவர் கண்ணில் சுவரோரம் நின்ற பழைய ஃப்ரேம் பட்டது. குரல் இறங்கியது. "இதோ, இது அழகா, படிக்கிற மாதிரி இருக்கே! இப்படிப் போடேன். ஓரத்துல ரெண்டு பூவும் போட்டுடு. நான் ஏன் உன்னைப் போகச் சொல்றேன்?"

அறை போனால் கொடி கட்ட இடமில்லை. இத்தனை மலிவாக இன்னொன்று கிடைக்காது. அது அவளுக்குத் தெரியும்.

"அவங்க பேரை நான் திருத்தறதா?" என்றாள் மெதுவாக. "ஒரு தடவை தெரியாமச் செஞ்சேன். அதுவே போதும் சார்."

மேசையிலிருந்த பிளேடை எடுத்தாள். பழைய ஃப்ரேமை அவர் முன்னாலேயே மடியில் சாய்த்து, வலையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடாகக் கிழித்தாள். பிறகு எழுந்து, காலையிலேயே ஒற்றிக்கொண்டதுதான் என்றாலும், வேர்விட்ட ஃப்ரேமை இரண்டு கையாலும் தூக்கி மறுபடியும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.