தண்ணீர் மெத்தைக்கு வரி

மகாபலிபுரம் பக்கம் கடற்கரையோரமாக ஒரு பெரிய சொகுசு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. அங்கே டைல்ஸ் ஒட்டப் போன என் அண்ணன், சாரம் சரிந்து கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தவரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "தண்ணி மெத்தை ஒண்ணு வாங்கிடுங்க. இல்லன்னா முதுகெல்லாம் புண்ணாயிடும்."

நானும் அண்ணியும் மெத்தை வாங்கப் போனோம். கடைக்காரர் விலையைச் சொல்லி, அதன் மேல் விற்பனை வரியையும் சேர்த்தார். அண்ணி விடவில்லை.

"மருந்துக்கே இவ்ளோ வரி இல்லியேண்ணா. இதுக்கு இன்னாத்துக்கு?"

"மருந்து வேற, மெத்தை வேறம்மா. ரப்பர் மெத்தை, ஃபோம் மெத்தை எல்லாம் ஒரே வரிசைல கீது. சொகுசு சாமான் கணக்கு."

"சொகுசா? வூட்டாண்ட வந்து பாருண்ணா, அவரு எப்டி படுத்துகினு கீறாருன்னு."

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில் வேண்டாமென்றால் வரியும் வேண்டாம் என்றார். ஆனால் பில் கொடுத்தால் பாதிப் பணம் தருவதாக, அண்ணனை அந்த வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி சொல்லியிருந்தார். வரியோடுதான் வாங்கினோம். பில்லை வாங்கிப் போன மேஸ்திரி அப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

நான் ஊரப்பாக்கத்தில் பள்ளி ஆசிரியன். எடுத்துச் சொன்னால் யாராவது கேட்பார்கள் என்று நம்பினேன். லீவு போட்டு வணிகவரி அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி உட்காரவைத்துப் பேசினார்.

"அரிசிக்கு வரி கெடையாது, உப்புக்குக் கெடையாது. மெத்தைல யாரு படுக்கறாங்கன்னு சட்டம் பாக்காது சார். ஓட்டல்காரர் வாங்கினாலும் இதே வரிதான். எல்லாருக்கும் சமம்தானே?"

"நடக்கிறவனும் நடக்க முடியாதவனும் சமமா சார்?"

"மேல எழுதிப் போடுங்க" என்றார். எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன்.

அடுத்த கோடையில் மெத்தை தையலோரம் விட்டுப்போனது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியும் ஒழுகுவது நிற்கவில்லை. இன்னொன்று வாங்கினோம், அதே வரியோடு. அதற்குள் புண் எலும்பு வரை போயிருந்தது. ஒருநாள் அண்ணன் கேட்டார்:

"டேய், நான் டைல்ஸ் ஒட்டின ரூம்ல போடற மெத்தைக்கும் இதே வரியா?"

"ஆமாண்ணா."

"அப்போ நானும் பெரிய ஆளுதான் போ."

சிரித்தார். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மழைக்காலத்தை அண்ணன் தாண்டவில்லை.

சில வருடங்கள் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. கம்மல் வாங்க நகைக்கடைக்குப் போனோம். "தங்கத்துக்கு இப்ப வரி ரொம்ப கம்மிம்மா, பயப்படாதீங்க" என்றார் கடை ஆள்.

அண்ணி என்னைப் பார்த்தார். "தங்கத்துக்குக் கம்மியா தம்பி?"

வகுப்பில் அத்தியாவசியப் பொருள், ஆடம்பரப் பொருள் என்று பாடம் நடத்துகிறவன் நான். ஆமாம் என்று தலையாட்டினேன். பெண் கம்மலைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அழக்கூடாதென்று அண்ணி கடைக்கு வெளியே போய் வெயிலில் நின்றார்.